அக்காவின் காம்பவுண்டுக்கு வெளியே

1

மாடம்பாக்கத்தில் எங்கள் காலனி நலச் சங்கம் இந்த வருடம் ஆண்டு மலர் கொண்டுவருகிறது. செயலாளர் போன மாதம் வாட்ஸப்பில் கூப்பிட்டார். "முரளி, நீ கனடாவுல வீடியோ கேம் பண்றியாமே? அதப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுப்பா. நம்ம காலனிப் பசங்களுக்கு ஒரு இன்ஸ்பிரேஷனா இருக்கும்" என்றார். நானும் பெரிய மனுஷன் மாதிரி "கண்டிப்பா சார்" என்று சொல்லிவிட்டேன்.

உட்கார்ந்து நான்கு பத்தி எழுதினேன். தாம்பரத்தில் படித்தது, மாண்ட்ரியலில் வேலை கிடைத்தது, முதல் பனிக்காலம், விடாமுயற்சி. படித்துப் பார்த்தால் எனக்கே கூசியது. மலர் வீட்டுக்கு வீடு போகும். மூன்றாவது தெருவில் இருக்கும் என் அக்கா கீதா வீட்டுக்கும் போகும். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முன் அட்டையிலிருந்து பின் அட்டை விளம்பரம் வரை ஒரு வரி விடாமல் படிப்பாள். அவள் படிக்கப்போகும் தாளில் என்னைப் பற்றி நானே நல்லதாக எழுதிக்கொள்ள இப்போது எனக்கு முகமில்லை.

அதனால் அந்த நான்கு பத்தியையும் அழித்துவிட்டு, இந்த மார்ச்சிலிருந்து நடந்ததை அப்படியே எழுதுகிறேன். செயலாளர் போட்டால் போடட்டும்.

2

முதலில், "கேம் பண்றேன்" என்பதே பாதிப் பொய். யாரோ கற்பனை செய்து, யாரோ வரைந்து முடித்த விளையாட்டை எல்லாக் கருவிகளிலும் ஓட வைக்கும் குழுவில் நான் இருக்கிறேன். ஒரே விளையாட்டு கம்ப்யூட்டரில் ஓட வேண்டும். டிவிக்குக் கீழே வைக்கும் பெட்டியில் ஓட வேண்டும். பிள்ளைகள் சோபாவில் புரண்டுகொண்டு விளையாடும் கைக்கருவியில் ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், உலகத்தில் இருக்கிற ஆயிரத்தெட்டு ரகப் போன்களில் ஓட வேண்டும். ஒரு போனில் எழுத்து பாதி வெட்டுப்படும், இன்னொன்றில் சூடாகி அப்படியே நின்றுவிடும். அதையெல்லாம் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் என் பிழைப்பு.

இதை இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மருத்துவ அட்டையைப் புதுப்பிக்கப் போனபோது, கவுண்டரில் இருந்த அம்மாளிடம் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் என் தொழிலைச் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "சூதாட்ட விடுதியிலா?" என்று கேட்டார். பதினோரு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். குடியுரிமைக்குப் போன வருடம்தான் விண்ணப்பித்தேன். தினமும் காபி குடித்துக்கொண்டே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது." அதே வரி, அதே பச்சைப் பட்டை.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எந்த விளையாட்டு எந்தக் கருவியில் ஓடும் என்ற கேள்வியே கிடையாது. கருவி என்று ஒன்று இருந்தால்தானே. எனக்குப் பத்து வயதில் அப்பா பாரிமுனையில் ஒரு நடைபாதைக் கடையிலிருந்து டிவி கேம் வாங்கி வந்தார். மஞ்சள் கேசட். அதன்மேல் ஒன்பது, ஒன்பது, ஒன்பது என்று வரிசையாக ஒன்பதாகவே போட்டு, இத்தனை விளையாட்டு உள்ளே இருக்கிறது என்று எழுதியிருந்தது. நான் அந்த எண்ணைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். காலனியில் அன்றைக்கு என்னைவிடப் பணக்காரன் யாரும் இல்லை.

அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது. முதல் நாள் சாயங்காலமே உட்கார்ந்து, பட்டியலை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டாள். மொத்தம் பதினாலு விளையாட்டு. மீதியெல்லாம் அதே பதினாலு, வேறு வேறு பெயரில். இது எனக்குத் தெரிந்தது நான் கல்லூரிக்குப் போன பிறகு, பழைய நோட்டுகளை எடைக்குப் போடும்போது. "அப்பவே ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். "நீ தெரு பூரா சொல்லிட்டு வந்துட்டியேடா" என்றாள்.

3

மூன்று வருடத்துக்கு முன் ஊருக்கு வந்திருந்தேன். வெளிநாட்டில் இருக்கிற எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. புதுப் போன் வாங்கினால் பழையதை மேசை இழுப்பறையில் போட்டுவைப்போம். அது வந்த அட்டைப்பெட்டியை உயிர் போனாலும் தூக்கிப் போட மாட்டோம். ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் போனைத் துடைத்து, அதே பெட்டிக்குள் வைத்து, சொந்தக்காரர் யாருக்காவது எடுத்துப் போவோம். "நான் யூஸ் பண்ணதுதான், ஆனா நல்லா ஓடும்" என்று சொல்லிக் கொடுத்தால் அதில் ஒரு தப்பும் இல்லை. வாங்குகிறவர்களும் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொள்வார்கள்.

நான் அதைச் சொல்லவில்லை. அதுதான் விஷயம்.

கிளம்புகிற அன்று காலையில் என் மனைவி சுதா, "உங்க அக்காவுக்கு என்ன வாங்கினீங்க?" என்று கேட்டாள். ஒன்றும் வாங்கவில்லை. எல்லாருக்கும் வாங்கியிருந்தேன், அக்காதானே என்று கடைசிக்குத் தள்ளி, அப்படியே விட்டுவிட்டேன். இழுப்பறையைத் திறந்தேன். நான் மூன்று வருடம் பயன்படுத்திய போன் கிடந்தது. என் கணக்கை நீக்கினேன், படங்களை அழித்தேன், பெட்டியில் வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். என் மகளின் கைவேலை டப்பாவிலிருந்து ஒட்டும் கண்ணாடித்தாள் ஒன்றை எடுத்து, அளவாக வெட்டி, திரைமேல் ஒட்டினேன். பிரித்துப் பார்க்கும்போது உரித்தெடுக்க ஏதாவது இருக்க வேண்டுமே என்று. நாற்பது வயதை நெருங்கிய மனிதன் செய்கிற வேலையா இது?

அக்கா அதை எல்லார் முன்னாலும் வைத்துப் பிரித்தாள். நகத்தால் மூலையைக் கிளப்பி, கிழியாமல் மெதுவாக உரித்தாள். அத்தான் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்து பார்த்தார். எதிர்வீட்டுப் பத்மா அக்காவும் இருந்தார். "என் தம்பி எனக்குப் புதுப் போன் வாங்கிட்டு வந்திருக்கான் பாருங்க" என்றாள் அக்கா. நான் சொஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாயில் சொஜ்ஜி இருந்தது என்பதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

4

எங்கள் கம்பெனியின் விளையாட்டு ஒன்று இருக்கிறது. சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது. ஆளுக்கு ஒரு துண்டு நிலம். அதில் செடி வைக்கலாம், வாய்க்கால் வெட்டலாம், பக்கத்து நிலத்துக்காரரின் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். அறுபது நாள் யாரும் எட்டிப்பார்க்காத நிலம் தானாகப் பொதுநிலமாகிவிடும். ஒருவர் கம்ப்யூட்டரில், ஒருவர் போனில், ஒருவர் கைக்கருவியில் இருந்தாலும் எல்லாரும் நிற்பது ஒரே வயலில். அந்த ஒரே வயல் உடையாமல் பார்த்துக்கொள்வது எங்கள் குழு.

என் மகள் மீராவுக்கு இப்போது பதின்மூன்று வயது. அவள் தமிழ் எப்படி என்றால், "அத்தை, நீங்க வா" என்பாள். வாரத்துக்கு ஒரு முறை வீடியோ அழைப்பில் அத்தையைக் காட்டினால் "ஹாய் அத்தை, நல்லா இருக்கேன் அத்தை" என்று இரண்டு வரி சொல்லிவிட்டு நழுவிவிடுவாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், நழுவ முடியாமல் மாட்டிக்கொண்டபோது, தன் கைக்கருவியைத் திருப்பிக் காட்டி, "அத்தை, இது என் தோட்டம்" என்றாள். அக்கா உடனே, "எனக்குப் பக்கத்துல இடம் இருக்கா?" என்று கேட்டாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அக்கா காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் சூப்பரிண்டெண்டென்ட். நாலரை மணி மின்சார ரயிலில் ஏறுவாள். அப்போது எங்களுக்குக் காலை ஏழு மணி. ரயில் தாம்பரம் வந்து சேரும்வரை இருவரும் விளையாட்டு வழியாகவே பேசிக்கொண்டு தோட்டத்தில் இருப்பார்கள். அதன் பிறகு மீராவுக்குப் பள்ளிப் பேருந்து, அக்காவுக்கு ஷேர் ஆட்டோ. எங்கள் குளிர்காலத்தில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவதால் அக்கா ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே விளையாடுவாள். வண்டலூர் பக்கம் சிக்னல் போய்விட்டால் மீரா, "அத்தை நின்னுட்டாங்க, சிலை மாதிரி" என்று சிரிப்பாள்.

நிலம் கிடைத்ததும் அக்கா செய்த முதல் வேலை, நாலு பக்கமும் காம்பவுண்டுச் சுவர் எழுப்பியது. ஒரு செடி வைக்கவில்லை, ஒரு விதை போடவில்லை. விளையாட்டில் வேலி என்று ஒரு பொருள் அழகுக்காக இருக்கிறது, அதை யாரும் முழுசாகச் சுற்றி வைக்க மாட்டார்கள். எங்கள் கம்பெனியின் வடிவமைப்பாளர்களே பார்த்தால் திகைத்திருப்பார்கள். மீரா, "ஏன் அத்தை? யாரும் திருட மாட்டாங்க" என்றாள்.

"உனக்குத் தெரியாதுடி. பிளாட் வாங்கினா மொதல்ல காம்பவுண்டு போடணும். இல்லன்னா அடுத்த வாரம் போய்ப் பாத்தா அதுல இன்னொருத்தன் பேரு போட்டு போர்டு வெச்சிருப்பான்."

மேடவாக்கத்திலிருந்து முடிச்சூர் வரை நிலம் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அவள் கேட் ஒன்றும் வைத்து, அதற்குப் பூட்டுப் போட்டாள். உள்ளே வர வேண்டுமானால் அவளிடம் அனுமதி கேட்க வேண்டும். மீராவுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தாள். உள்ளே செவ்வந்தி, வெண்டை, ஒரு மூலையில் வாழை. இந்த இரண்டு வருடத்தில் மீரா பேசுகிற தமிழில் பாதி அந்தச் சுவருக்குள்தான் வளர்ந்தது. "பாத்தி", "களை", "வாய்க்கால்" எல்லாம் வந்தது. "காம்பவுண்டு" தமிழ் வார்த்தை என்றே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

5

ஒவ்வொரு மார்ச்சிலும் எங்கள் அலுவலகத்தில் ஒரு பட்டியல் வரும். எந்தெந்தக் கருவிகளை இனியும் சுமப்பது, எவற்றை இறக்கிவிடுவது என்ற பட்டியல். பழைய போன் ஒவ்வொன்றிலும் விளையாட்டைச் சோதிக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும். பயன்படுத்துகிறவர்கள் குறைந்துவிட்ட போனைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டால் வேலை மிச்சம். அடிக்கும் பொறுப்பு என்னுடையது. மேலாளர் கேட்பார், நான் கையெழுத்துப் போடுவேன்.

இந்த வருடம் விளையாட்டில் மழை சேர்த்திருந்தார்கள். துளித் துளியாக இலையில் விழுந்து வழிகிற மழை. புதுக் கருவிகளில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. பழைய போன்கள் அந்த மழையில் திணறின. இரண்டு வாரம் மெனக்கெட்டால் பழைய போன்களுக்கு மட்டும் மழையில்லாத ஒரு வழி செய்திருக்கலாம். அது எனக்குத் தெரியும். செய்கிறவனும் நான்தான். ஆனால் ஏப்ரலில் எனக்கு விடுமுறை இருந்தது.

பட்டியலில் கீழே போய்க்கொண்டிருந்தபோது அந்தப் போனின் பெயர் வந்தது. மூன்று வருடம் என் சட்டைப்பையில் இருந்த போன். அக்கா ஞாபகம் வந்தது. வரவில்லை என்று இங்கே எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை, ஆனால் வந்தது. ரயில் ஜன்னலோரம் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பது நன்றாகவே ஞாபகம் வந்தது. அடுத்த முறை போகும்போது ஒரு புதுப் போன் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். மேலாளர், "ஆட்சேபணை எதுவும் இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

வருடா வருடம் வெள்ளத்தில் மிதக்கும் மாடம்பாக்கத்துக்காரிக்கு மழையைப் பார்க்கப் போன் எதற்கு என்று ஒரு கணம் எனக்குள் சிரித்துக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

6

ஏப்ரல் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. மீரா சாப்பாட்டு மேசையில் கைக்கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். என் போன் அடித்தது.

"முரளி, மீராகிட்ட சொல்லுடா, எனக்கு கேம் ஓப்பன் ஆகலை. இந்த டிவைஸ்ல சப்போர்ட் இல்லைன்னு என்னமோ வருது. நான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனா?"

பின்னால் ரயில் சத்தம் கேட்டது. அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வரி. போன் பழசாகிவிட்டது அக்கா. ஆனால் அதைச் சொன்னால், "மூணு வருஷம்தானேடா ஆச்சு, நீ புதுசாத்தானே வாங்கிட்டு வந்தே?" என்று அவள் கேட்பாள்.

"இல்லக்கா, சர்வர் பிராப்ளம். ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றேன்.

இரண்டு நாள் இரண்டு வாரமானது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் பேசுவாள். அத்தானின் சர்க்கரை, காலனியில் மறுபடியும் தோண்டிப் போட்ட ரோடு, எல்லாம் முடிந்து கடைசியில், "சர்வர் சரியாச்சாடா?" என்று கேட்பாள். "வேலை நடந்துகிட்டிருக்குக்கா" என்பேன். குடியுரிமை அலுவலகம் எனக்குச் சொல்கிற பதிலை நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மே மாதம் ஒரு நாள் அவள் சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னாள். போனை எடுத்துக்கொண்டு மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு மொபைல் கடைக்குப் போயிருக்கிறாள். கடைக்காரர் உள்ளே போய் என்னென்னவோ தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, இது ரொம்ப ஓல்டு மாடலாச்சே. யார்னா செகண்ட்ஸ்ல தள்ளிட்டாங்களா உன்கிட்ட? இதுல இனிமே எதுவும் ஏறாது, பேஜார் பண்ணிகினே இருக்கும்" என்றிருக்கிறார்.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

"நல்லாக் குடுத்தேன். என் தம்பி ஃபாரின்லேர்ந்து சீல் பிரிக்காம வாங்கிட்டு வந்ததுங்க, தெரியாம பேசாதீங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அப்போதும் நான் சொல்லவில்லை. டிசம்பரில் ஊருக்குப் போவோம், புதுசாக ஒன்றை எடுத்துப் போய்க் கையில் கொடுத்துவிட்டால் பேச்சே எழாது என்று கணக்குப் போட்டேன். அறுபது நாள் விதி ஞாபகத்தில் இருந்தது. நிலம் போனால் போகட்டும், விளையாட்டு நிலம்தானே என்று அதையும் ஒதுக்கினேன்.

மீராவும் காலை ஏழு மணிக்கு மேசைக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். அறைக்குள்ளேயே இருந்துவிட்டுப் பேருந்து நேரத்துக்கு ஓடுவாள். நான் சுதாவிடம், "பாத்தியா, இந்தக் காலத்துப் பிள்ளைங்க. ஒரே மாசத்துல அத்தையை மறந்தாச்சு" என்று குறைப்பட்டுக்கொண்டேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு தைரியம் பாருங்கள்.

7

ஜூலையில் பள்ளி விடுமுறை. ஒரு நாள் காலை ஏழேகாலுக்கு, சலவைத் துணியைக் கொடுக்க மீராவின் அறைக் கதவைத் திறந்தேன். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். திரையில் காம்பவுண்டுச் சுவர். உள்ளே செவ்வந்தி, வெண்டை, மூலையில் வாழை. மேலே அக்காவின் பெயர்.

"இது அத்தையோட இடமாச்சே?"

"ஆமா. அத்தை பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். நான் அத்தையா போய்த் தண்ணி ஊத்துறேன்."

"தினமுமா?"

"தினமும். இல்லன்னா அறுபது நாள்ல இடம் போயிடும் அப்பா. அத்தை காம்பவுண்டு போட்டும் போயிடும்."

அக்கா போனில் வர முடியாத அதே நிலத்துக்கு, என் மகள் தன் கைக்கருவி வழியாக அவள் பெயரிலேயே போய்வந்துகொண்டிருந்தாள். எல்லாக் கருவியும் ஒரே வயலில் நிற்கும்படி செய்தவன் நான். இப்படி ஒரு வழி இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்ற வேண்டும் என்ற அக்கறை இல்லை என்பதே சரி.

"சர்வர் சரியானதும் அத்தையே..." என்று ஆரம்பித்தேன்.

மீரா நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, சர்வர் எப்பவும் நல்லாதான் இருக்கு. போன்தான் ஓல்டு. நான் அத்தைகிட்ட அந்த வாரமே சொல்லிட்டேன்."

"அத்தை என்ன சொன்னாங்க?"

"அப்பாகிட்ட கேக்காத, அவன் கஷ்டப்படுவான்னு சொன்னாங்க." சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்து வாழைக்குத் தண்ணீர் விட்டாள். நான் துணிகளைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே வந்தேன்.

8

அப்போது அங்கே மாலை ஐந்து மணி இருக்கும். பால்கனிக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டேன். தாம்பரத்தில் இறங்கி நடைமேடையில் நடந்துகொண்டிருந்தாள். அறிவிப்புச் சத்தம் ஓயட்டும் என்று காத்திருந்தேன்.

"அக்கா, அந்த போன் புதுசு இல்லக்கா. நான் மூணு வருஷம் யூஸ் பண்ணது."

"தெரியும்டா."

"மீரா சொன்னாளா?"

"மீரா ஏப்ரல்லதானே சொன்னா. எனக்கு மூணு வருஷமாத் தெரியும். நீ திரும்பக் கனடாவுக்குக் கிளம்பின அன்னிக்கு சாயங்காலம், பத்மா வீட்டு ஸ்பீக்கர்ல பாட்டுப் போடலாம்னு கனெக்ட் பண்ணேன். 'முரளியின் போன்'னு வந்துது. அவங்க வீட்டு ஹால்ல எல்லாரும் இருந்தாங்க."

கணக்கை நீக்கினேன், படங்களை அழித்தேன், கண்ணாடித்தாள்கூட ஒட்டினேன். அந்தப் பெயரை மாற்ற எனக்குத் தோன்றவில்லை. கருவிகளைச் சோதிப்பது என் தொழில்.

"பத்மா அக்கா பாத்தாங்களா?"

"பாத்தாங்க. தம்பிதான் செட் பண்ணிக் குடுத்தான், அதான் அவன் பேரு வருதுன்னு சொன்னேன். அப்புறம் மீரா, போன்ல அந்தப் பேரை மாத்தச் சொல்லிக் குடுத்தா. நான்தான் வேணாம்னுட்டேன். இருந்துட்டுப் போகட்டும்."

"தெரிஞ்சா, அப்புறம் ஏன்க்கா வாரா வாரம் சர்வர் சரியாச்சான்னு கேட்டே?"

படியேறுகிற மூச்சுக் கேட்டது.

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்டா."

பதினோரு சனிக்கிழமை. எண்ணிப் பார்த்தேன். பதினோரு முறை அவள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள், நான் ஒவ்வொரு முறையும் சர்வர் என்று சொல்லிக் கடந்து போயிருக்கிறேன்.

அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அவள் சிரித்து, என்னையும் சிரிக்கவைத்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டு முடித்திருப்பாள். அவளுக்குத் தெரியாத ஒன்று இன்னும் பாக்கி இருந்தது. எனக்கு அதை விழுங்க முடியவில்லை.

"அக்கா, அந்த போனை லிஸ்ட்லேர்ந்து எடுத்ததே நான்தான். என் கையெழுத்துலதான் போச்சு."

"வேலைன்னா அப்படித்தானே இருக்கும். உனக்கு எப்படித் தெரியும், அது என் போன்னு..."

"தெரியும்க்கா. உன் ஞாபகம் வந்துது. வந்தும் போட்டேன்."

யாரோ சமோசா விற்றுக்கொண்டு போனார்.

"ரெண்டு வருஷமா அந்தப் பொண்ணுகூட நான் பேசுறதே அதுலதான்டா" என்றாள். குரல் உயரவில்லை. "உனக்குத் தெரியாதா அது?"

"தெரியும்."

"சரி, ஆட்டோ வந்துடுச்சு. வெச்சிடறேன்."

வைத்துவிட்டாள். நான் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஒரு முறைகூட அவள் சாப்பிட்டாயா என்று கேட்காமல் போனை வைத்ததில்லை.

9

அன்றைக்கே புதுப் போன் ஒன்றை அவள் வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்யப் போனேன். அதற்குள் செய்தி வந்துவிட்டது. "போன் எதுவும் அனுப்பாதே. நானே வாங்கிக்கிறேன்." அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்மா அக்காவைக் கூட்டிக்கொண்டு அதே மார்க்கெட் கடைக்குப் போயிருக்கிறாள். அவளுக்குச் சரி என்று பட்ட ஒன்றை அவளே பார்த்து வாங்கிக்கொண்டாள். அந்தக் கடைக்காரரிடம், "அன்னிக்கு நீங்க சொன்னது சரிதாங்க" என்றும் சொல்லியிருக்கிறாள். இதை எனக்குச் சொன்னது மீரா.

பழைய போனை அத்தான் இப்போது மாத்திரை நேரத்துக்கு அலாரம் வைக்கப் பயன்படுத்துகிறார். தினமும் மூன்று வேளை அடிக்கிறதாம்.

மறுபடியும் ஏழு மணிக்கு மீரா மேசைக்கு வருகிறாள். விளையாட்டில் மழை வந்தபோது இருவரும் கத்திய கத்தல் சமையலறை வரை கேட்டது. "அத்தை, வாங்க, வாங்க, வெண்டைக்குத் தண்ணி ரொம்ப போகுது!" என்றாள் மீரா. "நீங்க வா" போய் "வாங்க" எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அது வந்த நாளில் நான் பக்கத்தில் இல்லை.

இத்தனை கருவிகளில் ஓடவைத்தேனே தவிர, அந்த விளையாட்டில் எனக்கென்று ஒரு நிலம் இருந்ததில்லை. சோதிப்பதற்காக ஆயிரம் முறை உள்ளே போயிருக்கிறேன், ஒரு செடி வைத்ததில்லை. போன வாரம் என் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, அக்காவின் நிலத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு வாங்கினேன். அவள் கேட்டுக்குப் போய், உள்ளே வர அனுமதி கேட்கும் பொத்தானை அழுத்தினேன். "உங்கள் கோரிக்கை உரிமையாளரின் பரிசீலனையில் உள்ளது" என்று வந்தது. அந்த வரி எல்லாத் திரையிலும் வெட்டுப்படாமல் வருகிறதா என்று சரிபார்த்தவன் நான்தான்.

இன்று காலை அவர்கள் விளையாடும்போது மீரா தன் கருவியில் அதைப் பார்த்துவிட்டு, "அத்தை, அப்பா வெளிய நிக்கிறாரு. கேட்டைத் திறங்க" என்றாள்.

ஸ்பீக்கரில் ரயில் சத்தத்துக்கு நடுவே அக்காவின் குரல் வந்தது. "பாத்தேன், பாத்தேன். நாலு நாளா நிக்கிறான். சாப்பிட்டானாமா?"

"சாப்பிட்டாரு அத்தை."

"அப்போ நிக்கட்டும்."

இதை எழுதி முடிக்கும்வரை கேட் திறக்கவில்லை. உள்ளே செவ்வந்தி பூத்திருப்பது சுவருக்கு மேலாகத் தெரிகிறது. மழை பெய்கிறது. அவள் போனை அடித்து நான் வரவிட்ட மழைதான், நின்று நனைந்துகொண்டிருக்கிறேன்.